ஹோஸ்டை மேலேற்றுவதா, துடைத்துப் போடுவதா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஐ.டி. என்றால் நான் ஒருவன்தான். 2017-ல் வாங்கிய சர்வர் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2016, அதில் ஹைப்பர்-வி (ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி). இரண்டு சின்ன டிஸ்க் ரெய்டு 1-ல் (ஒன்றின் நகல் மற்றொன்று) எல்லாவற்றையும் தாங்கும் ஹோஸ்ட் விண்டோஸ், நான்கு டிஸ்க் ரெய்டு 10-ல் ஆறு வி.எம். (உள்ளே ஓடும் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்கள்): எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் சர்வர், ஈ.ஆர்.பி. என்கிற கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேருக்கான எஸ்.கியூ.எல். டேட்டாபேஸ், டேலி, கைரேகை வருகையும் சம்பளமும், கடைசியாக ஒரு விண்டோஸ் 11. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிடும் என்கிறார்கள். டீலர் "முழுசாத் துடைச்சுட்டுப் புதுசாப் போடணும்" என்கிறார். முதலாளியின் மச்சானோ, "மேலேயே அப்கிரேட் கொடுத்தா ஒரு மணி நேரம், காசும் மிச்சம்" என்கிறார். முதலாளி மச்சான் பேச்சைத்தான் கேட்பார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. எதைச் செய்வது? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, வணக்கமுங்க.

மச்சான் சொல்வது நடக்காத காரியம் இல்லை. 2016-லிருந்து 2022-க்கும் சரி, 2025-க்கும் சரி, இருக்கிற விண்டோஸின் மேலேயே ஏற்றிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது. 2022 வரை இரண்டு படிதான் தாண்டலாம் என்று இருந்தது. 2025-ல் அதை நான்கு படியாக்கிவிட்டார்கள். 2012 ஆர்2-விலிருந்து ஒரே தாவலில் வந்துவிடலாம். ஆகவே முடியுமா என்று அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு ஏதாவது கோணிக்கொண்டால், சனிக்கிழமை சாயங்காலம் இருந்த நிலைக்கு எத்தனை நிமிடத்தில் திரும்புவோம்?

மேலேற்றுகிற வழியில் இதற்கு நல்ல பதில் கிடையாது. ஏற்றம் பாதியில் நின்றால் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பும். ஏறி முடித்து, திங்கட்கிழமை காலையில் கோளாறு தெரிந்தால்தான் சிக்கல். சர்வர் விண்டோஸில் இறங்குவதற்கென்று பொத்தான் ஒன்றும் இல்லை. பேக்கப்பிலிருந்து முழு ஹோஸ்டையும் மீட்பதுதான் வழி. அதை நீங்கள் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தில் பேக்கப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் கேட்கிறேன்.

என் தீர்ப்பு டீலர் பக்கம், ஒரு திருத்தத்தோடு. ஹோஸ்டைப் புதிதாகப் போடுங்கள், ஆனால் பழைய டிஸ்க்கைத் துடைக்காதீர்கள். புதிதாக இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சர்வரை அணைத்து, விண்டோஸ் இருக்கும் அந்த இரண்டு சின்ன டிஸ்க்கையும் கழற்றி, எந்தக் குழியில் எது இருந்தது என்று மார்க்கரில் எழுதி, பழைய துணி சுற்றி மேசை டிராயரில் வையுங்கள். புது ஜோடியில் புது விண்டோஸ். வி.எம்.கள் இருக்கும் நான்கு டிஸ்க்கும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஏதாவது கோணினால் சர்வரை அணைத்து, டிராயரைத் திறந்து, பழைய ஜோடியைச் சொருகினால் சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்துவிடும். இரண்டு எஸ்.எஸ்.டி.யின் விலையை முதலாளியிடம் சொல்லும்போது ஒருநாள் பேக்கிங் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்கு அவருக்கே தெரியும்.

 

மேலேற்றுவதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கம் ஒரு பிராசசிங் ஆலை. 2012 ஆர்2 ஹோஸ்டை 2016 ஆக்கும் வேலை. இரண்டு நெட்வொர்க் கார்டை டீம் கட்டி (ஒன்றுபோல இணைத்து), அதன் மேல் வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச் போட்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் டீமைக் கலைத்துவிட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. ஏற்றம் அழகாக முடிந்தது, வி.எம். எல்லாம் எழுந்து நின்றன. ஒன்றுக்கும் நெட்வொர்க் இல்லை. ஹோஸ்ட் டொமைனில் சேர்ந்திருந்தது, அந்த டொமைன் கன்ட்ரோலரோ அதே ஹோஸ்டுக்குள் காது கேளாமல் உட்கார்ந்திருந்தது. லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் வேலையை விட்டுப் பெங்களூர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஹோஸ்டின் நினைவில் ஒரு பழைய லாகின் மிச்சமிருந்ததால் உள்ளே நுழைய முடிந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான், அறிவு இல்லை.

அந்த டீம் விஷயம் உங்களுக்கும் உண்டு. 2016-ல் சர்வர் மேனேஜரில் நாலு கிளிக்கில் கட்டுவார்களே, அந்தப் பழைய வகை எல்.பி.எஃப்.ஓ. டீமின் மேல் 2022 முதல் ஹைப்பர்-வி ஸ்விட்ச்சை வழக்கமான வழியில் கட்ட முடியாது. அதற்குப் பதில் செட் என்கிற, ஸ்விட்ச்சுக்குள்ளேயே டீம் கட்டும் முறை. பவர்ஷெல்லில் ஒரு வரியில் முடிகிற வேலைதான். ஆனால் இரண்டு கார்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: செட்டுக்கு எல்.ஏ.சி.பி. (இரண்டு போர்ட்டை ஸ்விட்ச் பக்கத்திலும் ஒன்றாகக் கட்டும் முறை) தெரியாது. கீழே ரேக்கில் இருக்கும் ஸ்விட்ச்சில் அந்த இரண்டு போர்ட்டையும் யாராவது எல்.ஏ.சி.பி.யில் கட்டி வைத்திருந்தால் அதையும் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிங் ஒரு முறை போகும், ஒரு முறை போகாது. பாதி ராத்திரி கேபிளை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருப்பீர்கள்.

புதிதாகப் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஒன்பது வருஷத்தில் ஹோஸ்டின் மேல் சேர்ந்திருக்கும் குப்பை. போகிற கம்பெனிகளில் ஹோஸ்ட் விண்டோஸிலேயே நேரடியாக நான் கண்டவை: பார்கோடு பிரிண்டர் சாஃப்ட்வேர், மூன்று விதமான ரிமோட் சாஃப்ட்வேர், காலாவதியான இரண்டு ஆன்டிவைரஸ், சி.சி.டி.வி. பார்க்கும் புரோகிராம், ஓரிடத்தில் சீட்டு விளையாட்டுகூட. ஹோஸ்டின் வேலை வி.எம்.களைத் தாங்குவது மட்டும்தான். லைசென்ஸ் விதியும் அதைத்தான் சொல்கிறது: ஸ்டாண்டர்டு லைசென்ஸில் இரண்டு வி.எம். ஓட்டும் உரிமையை முழுதாகப் பயன்படுத்தினால், ஹோஸ்டில் ஹைப்பர்-வி தவிர வேறு வேலை நடக்கக் கூடாது. மேலேற்றும்போது இந்தக் குப்பை மொத்தமும், அதன் டிரைவர்களும் உங்களோடு புது வீட்டுக்குக் குடிவரும்.

இதனால் முதல் வேலையாக உங்கள் ஹோஸ்டின் சி டிரைவை ஒரு நாள் சாவகாசமாகத் துழாவுங்கள். ஸ்கேனர் வந்து விழும் ஃபோல்டர், யாரோ ஷேர் செய்து வைத்த பேட்டர்ன் ஃபைல்கள், ராத்திரி ஓடும் ஒரு பேட்ச் ஃபைல், இப்படி ஏதாவது அங்கே இருக்கும். "எங்க ஹோஸ்டுல ஒண்ணும் இல்லீங்க" என்று சொன்ன கம்பெனிகளில்தான் திங்கட்கிழமை காலை பண்டில் ஸ்டிக்கர் வராமல் கட்டிங் ஹாலே எழுந்து வந்து நின்றிருக்கிறது.

புதிதாகப் போடுவதிலும் குழிகள் உண்டு. டீலர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

முதலாவது, உங்கள் விண்டோஸ் 11 வி.எம். அதற்கு விர்ச்சுவல் டி.பி.எம். (சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புச் சிப்பின் விர்ச்சுவல் வடிவம்) கொடுத்திருப்பீர்கள். அந்த டி.பி.எம்.மைத் திறக்கும் சான்றிதழ்கள் வி.எம். ஃபைலுக்குள் இல்லை, ஹோஸ்ட் விண்டோஸின் சான்றிதழ்ப் பெட்டியில் இருக்கின்றன. புது ஹோஸ்டில் அந்த வி.எம். எழுந்திருக்கவே மறுக்கும். பழைய ஹோஸ்டில் "ஷீல்டட் வி.எம். லோக்கல் சர்டிஃபிகேட்ஸ்" என்ற தலைப்பில் கிடக்கும் இரண்டையும், பிரைவேட் கீயோடு சேர்த்து ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிராயரில் பழைய ஜோடி இருப்பதால் மறந்தாலும் உயிர் போகாது. பழைய டிஸ்க்கைத் துடைத்தவருக்கு அந்த வி.எம். அப்படியே எழ வழியில்லை.

வி.எம். டிரைவுக்கு பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் தானாகத் திறப்பதால் பூட்டு இருப்பதே மறந்திருக்கும். தானாகத் திறக்கும் சாவி பழைய சி டிரைவில்தான் இருக்கிறது. 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் சர்வரை அணைக்காதீர்கள்.

மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், அடுத்தது. வி.எம்.களுக்கு டைனமிக் என்று விட்டிருந்தால் புது ஹோஸ்டில் அது மாறிப்போக வாய்ப்பு உண்டு. மேக் முகவரியைப் பார்த்து லைசென்ஸ் தரும் சாஃப்ட்வேர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. ஒரு முறை கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இப்படித்தான் ஞாயிறு முழுக்க வேலை செய்து, எல்லாம் சரி என்று அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது: "சாஃப்ட்வேர் டெமோனு காட்டுதுங்க." அணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு வி.எம்.மின் மேக்கையும் அதே எண்ணில் ஸ்டேட்டிக் ஆக்கிவிடுங்கள்.

எல்லோரும் மறப்பது யூ.பி.எஸ். சாஃப்ட்வேர். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் நாலு வரை கரண்ட் போகும் ஊர் நம்முடையது. பேட்டரி தீரும் முன் வி.எம்.களை ஒழுங்காக அணைத்து ஹோஸ்டையும் அணைப்பது ஹோஸ்டில் உள்ள அந்தச் சின்ன புரோகிராம். அதைத் திரும்பப் போடாவிட்டால் அடுத்த மின்தடை அன்றுதான் தெரியும், எஸ்.கியூ.எல். டேட்டாபேஸ் கரண்ட் போன கையோடு படுத்த பிறகு.

இவற்றோடு ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டியவை: விர்ச்சுவல் ஸ்விட்ச்சின் பெயர் எழுத்துக்கு எழுத்து, எந்த வி.எம்.முக்கு எந்த வி.லேன் (நெட்வொர்க்கின் தனிப்பிரிவு எண்), எந்த கேபிள் எந்தப் போர்ட், ஹோஸ்டின் ஐ.பி., எந்த வி.எம். முதலில் எழ வேண்டும், எத்தனை வினாடி கழித்து அடுத்தது. புது ஹோஸ்டில் ஸ்விட்ச்சுக்கு அதே பெயர் வைத்தால் இம்போர்ட் செய்யும்போது கேள்வி கேட்காமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு இடைவெளி அதிகமாக வைத்தாலும் பெயர் வேறுதான்.

அன்றைய ராத்திரி வேலை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. முந்தைய நாட்களிலேயே செக்பாயிண்ட் (வி.எம்.மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்தது) எல்லாவற்றையும் நீக்கி, ஒன்றாகச் சேர்ந்து முடியும் வரை பொறுத்திருங்கள். 2019-ல் யாரோ போட்ட செக்பாயிண்ட் ஒன்று கட்டாயம் கிடக்கும், அது சேர ஒரு ராத்திரிகூட ஆகலாம். வி.எம்.களைச் சேவ் செய்யாமல் உள்ளே போய் முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். புது ஜோடியில் விண்டோஸ் போடும்போது திரையில் இரண்டு டிஸ்க் தெரியும்: ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பெயர் இருக்காது, அளவு மட்டும்தான். பெரியதன் மேல் கை வைக்கவே கூடாது. அந்த அளவை முன்கூட்டியே எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். "அந்த நாலு டிஸ்க்கையும் உருவி வெச்சுட்டுப் போட்டா பயமே இல்லை" என்பார்கள் சிலர். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் திரும்பச் சொருகும்போது ரெய்டு கார்டு "இது வேற்று டிஸ்க், இம்போர்ட்டா, கிளியரா" என்று கேட்கலாம். தூக்கக் கலக்கத்தில் கிளியரை அழுத்துவதைவிட, கழற்றாமல் விட்டு அளவைப் பார்த்து வேலை செய்வது மேல். டிராயரில் இருக்கும் ஜோடியைத் திரும்பப் போட நேர்ந்தாலும் இதே கேள்வி வரும், பதில் இம்போர்ட்.

விண்டோஸ், டிரைவர், அப்டேட் முடிந்து, ஹைப்பர்-வி ரோலைப் போட்டு, ஸ்விட்ச் கட்டியபின், ஒவ்வொரு வி.எம்.மையும் "இருக்கும் இடத்திலேயே பதிவு செய்" என்ற வகையில் இம்போர்ட் செய்யுங்கள். ஃபைல் எதுவும் நகராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டளை மட்டும் அடிக்கும் கோர் பதிப்பா, ஜன்னல்களும் மவுஸும் உள்ள டெஸ்க்டாப்பா என்றால், டெஸ்க்டாப்பே போடுங்கள். கோர்தான் பாதுகாப்பு என்று படித்திருப்பீர்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் லீவில் இருக்கும்போது போனில் நீங்கள் சொல்லச் சொல்ல மவுஸைப் பிடிக்கப் போவது அக்கவுண்ட்ஸ் அக்கா. போட்டபின் ஒன்றை மற்றொன்றாக மாற்றவும் முடியாது.

இந்தப் புது ஹோஸ்டை டொமைனில் சேர்க்காதீர்கள் என்பது என் கட்சி. இருக்கும் ஒரே டொமைன் கன்ட்ரோலர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. யாராவது மெர்ச்சண்டைசர் பையர் பெயரில் வந்த மெயிலைத் திறந்து ரான்சம்வேர் உள்ளே வந்து டொமைன் அட்மின் வரை ஏறினாலும், ஹோஸ்டின் கதவுக்கு வேறு சாவி வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை எழுதி முதலாளியின் லாக்கரில் வையுங்கள்; ஈரோட்டுக் கதை உங்களுக்கும் வேண்டாம்.

எல்லாம் எழுந்து ஓடியதும் ஹைப்பர்-வி மேனேஜரில் ஒவ்வொரு வி.எம். மேலும் "கான்ஃபிகரேஷன் வெர்ஷனை உயர்த்து" என்று ஒரு வரி கண்ணில் படும். தொடாதீர்கள். 2016-ல் பிறந்த வி.எம்.மின் வெர்ஷன் 8.0, 2022-ன் வெர்ஷன் 10.0, 2025-ன் வெர்ஷன் 12.0. புது ஹோஸ்டுகள் 8.0-ஐ அப்படியே ஓட்டும். ஆனால் ஒருமுறை உயர்த்தினால் பழைய ஹோஸ்ட் அதைத் தொடாது, இறக்கவும் வழியில்லை. ஒரு சம்பளம், ஒரு ஜி.எஸ்.டி., ஒரு மாதக் கடைசி ஷிப்மென்ட், மூன்றும் புது ஹோஸ்டில் கடந்தபின் உயர்த்துங்கள். அதுவரை டிராயருக்கு மரியாதை இருக்கும். (திரும்பிப் போக நேர்ந்தால் வி.எம்.களின் நெட்வொர்க் அடாப்டரைப் பழைய ஸ்விட்ச்சோடு மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.) யாராவது 2012 ஆர்2 காலத்து வி.எம்.மைக் கொண்டுவந்து வைத்து, வெர்ஷன் 5.0 என்று ஒன்று தெரிந்தால் கதை தலைகீழ்: 2022 அதை ஓட்டாது, பழைய ஹோஸ்டில் இருக்கும்போதே உயர்த்தியாக வேண்டும்.

இனி மச்சானுக்குத் தெரியாத செலவுக்கு வருவோம். மேலேற்றினால் காசு மிச்சம் என்பது தப்பு. எந்த வழியில் போனாலும் புது லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (புது வெர்ஷனுக்கும் உரிமை தரும் மைக்ரோசாஃப்ட் சந்தா) வைத்திருந்தால் மட்டும் விலக்கு. ஸ்டாண்டர்டு லைசென்ஸ் குறைந்தது 16 கோருக்கு, அதில் இரண்டு விண்டோஸ் சர்வர் வி.எம். உங்களுடையதில் ஐந்து என்றால் மூன்று செட் ஆகிறது. 2017-ல் டீலர் எத்தனை செட் கொடுத்தார் என்று பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு செட் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

2022-ஆ, 2025-ஆ என்றால், முதலில் உங்கள் சர்வர் மாடலுக்குத் தயாரிப்பாளர் எதுவரை டிரைவர் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். 2025 இல்லை என்றால் 2022 போடுங்கள், அதற்கு 2031 அக்டோபர் வரை உயிர் இருக்கிறது. அந்த இரும்பு அதுவரை தாங்கினால் பெரிய விஷயம். 2025 லைசென்ஸ் வாங்கி 2022-ஐப் போட்டுக்கொள்ளும் உரிமை உண்டு, வாங்குவதைப் புதியதாகவே வாங்குங்கள். ஹைப்பர்-வியை விட்டு, அதே வேலை செய்யும் வி.எம்.வேருக்கோ பிராக்ஸ்மாக்ஸுக்கோ மாறலாமா என்று கேட்க நினைத்திருந்தால்: பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியபின் வி.எம்.வேர் உங்கள் அளவு கம்பெனிக்கான இடம் இல்லை. பிராக்ஸ்மாக்ஸ் நல்ல சரக்கு, அதில் மேலேற்றுவதுதான் வழக்கமும்கூட. ஆனால் அது லினக்ஸில் ஓடுவது, லினக்ஸ் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத கம்பெனியில் அதை வைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும் என்றால் எழுதுங்கள், தனியாகப் பேசலாம்.

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. ஹோஸ்ட் மட்டுமா 2016? உள்ளே இருக்கும் வி.எம்.களும் 2016 என்றால் அவற்றுக்கும் அதே 2027 ஜனவரி 12-தான் கெடு. உள்ளே எஸ்.கியூ.எல். சர்வரும் 2016 என்றால் அதற்கு 2026 ஜூலை 14-தான் கடைசி நாள். ஹோஸ்டை மாற்றிவிட்டு முதலாளியிடம் "முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிடாதீர்கள்.

வி.எம்.களில் மட்டும் நான் மச்சான் கட்சிக்குத் தாவிவிடுவேன். அங்கே மேலேற்றுவதில் தப்பில்லை. காரணம், அணைத்து வைத்த வி.எம்.மை நகல் எடுத்து, வெளியுலகம் தெரியாத பிரைவேட் ஸ்விட்ச்சில் போட்டு, நகலின் மேல் ஏற்றிப் பார்க்கலாம். கெட்டால் நகலை வீசிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஈ.ஆர்.பி. எஸ்.கியூ.எல்., வருகைப்பதிவு இரண்டும் அந்தந்தக் கம்பெனிக்காரர் சம்மதத்தோடு இப்படிப் போகட்டும். டொமைன் கன்ட்ரோலரை மட்டும் மேலேற்ற வேண்டாம்: பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி, பொறுப்புகளை மாற்றி, இரண்டு வாரம் இரண்டையும் ஓடவிட்டு, பழையதை முறைப்படி இறக்குங்கள். உங்கள் டொமைன் 2003 சர்வர் காலத்தில் பிறந்தது என்றால், சிஸ்வால் (கன்ட்ரோலர்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்) இன்னும் எஃப்.ஆர்.எஸ். என்கிற பழைய முறையில் நகலாகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் 2019-உம் அதற்குப் பிந்தைய கன்ட்ரோலரும் உள்ளே வராது. ஃபைல் சர்வரும் புதிதே நல்லது. ஆனால் அதில் எஸ்.எம்.பி.1 (ஃபைல் பகிரும் பழைய, பாதுகாப்பில்லாத முறை) தானாக இருக்காது. கட்டிங் ஹாலில் மார்க்கர் பிளாட்டரோடு ஒரு எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் இருந்தால் அன்று முதல் அதற்கு ஷேர் தெரியாது. அதற்காக எஸ்.எம்.பி.1-ஐத் திறந்துவிடாதீர்கள், அந்த எக்ஸ்.பி.யை மாற்றுங்கள்.

எந்த நாளில் செய்வது? பொங்கல் லீவுக்குத் தள்ளினால் கெடு தாண்டிவிடும். எல்லோரும் தீபாவளி லீவைச் சொல்வார்கள். திருப்பூரே காலியாக இருக்கும், நிம்மதியாகச் செய்யலாம் என்று தோன்றும். ஈ.ஆர்.பி. கம்பெனிக்காரரும் ஊருக்குப் போயிருப்பார், டிஸ்க் வாங்கக் கடையும் திறந்திருக்காது. சாதாரணமான ஒரு சனிக்கிழமைதான் நல்ல நாள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் போட்டு முடித்தபின் ஆரம்பியுங்கள். ஜி.எஸ்.டி.க்கு 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம், மாதக் கடைசி ஷிப்மென்ட் நெருக்கத்திலும் வேண்டாம். கூட்டிக் கழித்தால் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் மிஞ்சும், இப்போதே காலண்டரில் வட்டம் போடுங்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஒத்திகை. விண்டோஸ் 11 புரோ உள்ள, கொஞ்சம் ரேம் அதிகமான ஒரு டெஸ்க்டாப்பைக் கடன் வாங்கி, அதில் ஹைப்பர்-வியை இயக்கி, பேக்கப்பிலிருந்து டேலி வி.எம்.மை மட்டும் மீட்டு எழுப்பிப் பாருங்கள், நெட்வொர்க் கேபிள் இல்லாமல். எழுந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. எழவில்லை என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்படியே ஒரு புளோயரும் வாங்குங்கள். பனியன் கம்பெனி சர்வரைத் திறந்தால் ஃபேனில் தலையணை செய்யும் அளவுக்குப் பஞ்சு இருக்கும். வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடிய டிஸ்க், அணைத்துப் போடும்போது எழாமல் போவதும் உண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க சர்வரை அணைத்துவிட்டு மறுநாள் எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒத்திகை வாரத்திலேயே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்றைப் பார்த்து எழுதுங்கள்: வி.எம்.கள் இருக்கும் டிரைவ் ஃபார்மேட் ஆனது என்.டி.எஃப்.எஸ். முறையிலா, ரீ.எஃப்.எஸ். முறையிலா? டிரைவின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸில் தெரியும். ரீ.எஃப்.எஸ். என்றால் புது விண்டோஸ் அதைத் தொட்ட நிமிடமே தன் வெர்ஷனுக்குச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். அதன்பின் டிராயரில் இருக்கும் 2016-ஆல் அந்த டிரைவைத் திறக்க முடியாது. அப்படி இருந்தால் இரண்டு எஸ்.எஸ்.டி. போதாது, வி.எம்.களை இறக்கி வைக்க வேறு டிஸ்க் வேண்டும், நானும் வேறு வழி சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பதில் வரும்வரை டிஸ்க் எதுவும் வாங்க வேண்டாம்.